பிஎம்டபிள்யூ 333ஐ காரை இவ்வளவு தேடுவது ஏன்?

கேள்வி (டர்பன்): பெரியவர்களுக்கு வணக்கம். 1980களில் தென்னாப்பிரிக்காவில் மட்டுமே தயாரான 333ஐ காருக்குச் சேகரிப்பாளர்களிடம் இத்தனை மதிப்பு ஏன்?

பதில் (சாட்ஸ்வொர்த்): தம்பி, பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் அதிவேக வகையான அக்கால எம்3 இடப்பக்க ஸ்டியரிங்குடன் மட்டுமே வந்ததால், அது நம் சாலைகளுக்கு ஒத்துவரவில்லை. எனவே, பிரிட்டோரியா அருகேயுள்ள ரோஸ்லின் ஆலையில், பெரிய கார்களுக்குரிய 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைச் சிறிய 3 சீரிஸ் காருக்குள் பொருத்தினார்கள். முன்பகுதியில் இடம் போதாமல், ஏசி, பவர் ஸ்டியரிங் இரண்டில் ஒன்றைத்தான் வாங்குபவர் தேர்ந்தெடுக்க முடிந்தது. அந்தப் பிடிவாதமான பொறியியல்தான் என்னை ஈர்க்கிறது.

பதில் (பீனிக்ஸ்): அண்ணன் சொன்னது சரி. தயாரானவையே சுமார் 200 கார்கள்தான். வாங்குவதானால் எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் ஆவணங்களோடு ஒப்பிடுங்கள். நம் கடற்கரைக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும் என்பதால், ஜாக்கி வைக்கும் இடங்களையும் பின்சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் விளக்கடித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி, ஐயா. ஆவணங்களிலிருந்தே தொடங்குகிறேன்.