1500 ரூபாய் இயர்போனில் மிருதங்கத்தின் தொப்பிச் சத்தமே இல்லை, திருப்பி அனுப்பிவிடவா?

மாம்பலத்து வெயில்:

வாங்கி நாலு நாள் ஆகிறது, திருப்பி அனுப்ப இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. விலை 1500-க்குக் கொஞ்சம் கீழே, ஒரு காதுக்கு ஒரே டைனமிக் டிரைவர் (சத்தம் எழுப்பும் பாகம்), கழற்றி மாட்டும் 2-பின் வயர், காதுக்கு மேலே சுற்றிப் போடும் வகை. பிராண்ட் பெயர் வேண்டாம், சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

நான் கேட்பது பெரும்பாலும் பழைய கச்சேரிப் பதிவுகள், அப்புறம் பழைய சினிமாப் பாட்டு. காலையில் தாம்பரம் ரயிலில் நின்றுகொண்டே. முதல் நாள் நன்றாக இருந்த மாதிரித்தான் ஞாபகம். மறுநாளிலிருந்து மிருதங்கத்தில் வலது பக்கமான வலந்தலை மட்டும் டக் டக் என்று கேட்கிறது, இடது பக்கத் தொப்பியின் கனத்த கும்கி எங்கே போனது என்றே தெரியவில்லை. ஆனால் ஒலி பரவும் மேடை ரொம்ப அகலம், பாடகர் குரல் தலையைச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது, இதைத்தான் சவுண்ட்ஸ்டேஜ் என்கிறார்களா?

பில்டும் சுமார்தான். வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், பின் எல்லாம் நேராகத்தான் இருக்கின்றன, L, R எழுத்துப் பார்த்துத்தான் போட்டேன். ஆனால் வலது பக்கத்தில் காதுக்கு மேல் வளையும் அந்தக் கொக்கி ஒழுங்காக உட்காரவில்லை, ஒவ்வொரு தடவையும் கையால் முறுக்கித்தான் போட வேண்டியிருக்கிறது. இந்த விலைக்கு இவ்வளவுதானா, இல்லை நான் கேட்கும் விதத்தில் ஏதாவது கோளாறா?

ரப்பர் மொக்கை:

பேஸ் இல்லை என்று வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் கோளாறு இயர்போனில் இல்லை, முனையில் போடும் ரப்பரில்தான் இருக்கும். காதுக்குள் காற்றுப் போகாமல் அடைத்தால்தான் தாழ்ந்த ஒலி நிற்கும். நூல் அளவு இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து ஓடுவது தொப்பிச் சத்தம்தான், வலந்தலை அப்படியே இருக்கும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக இதுதான்.

பாட்டு ஓடும்போதே இரண்டையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். சத்தம் கனத்தால் ரப்பர் அளவு தப்பு. பெட்டியில் மூன்று அளவு கொடுத்திருப்பார்கள், எல்லோரும் நடு அளவை அப்படியே விட்டுவிட்டு விமர்சனம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு காதும் ஒரே அளவு என்று எந்தச் சட்டமும் இல்லை, எனக்கு இடது காதுக்கு நடு, வலதுக்குப் பெரியது. மாட்டும்போது மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு மாட்டினால் ஆழமாகப் போகும். அப்போது உள்ளே 'கரக்' என்று ஒரு சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், காற்றழுத்தத்தில் டிரைவரின் படலம் நெளிகிற சத்தம் அது. மெதுவாகப் போட்டால் வராது.

தங்க_ஜாக்:

100 மணி நேரம் பர்ன்-இன் பண்ணுங்க, அதாவது சும்மா ஓடவிட்டுப் பழக்குங்க. ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்க. பேஸ் தானா வரும்.

ரப்பர் மொக்கை:

100 மணி நேரத்தில் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும் அண்ணே. வருமானம் கடைக்காரருக்குத்தான்.

கோடும் காதும்:

சண்டை வேண்டாம். நான் இந்த விலையில் ஏழெட்டு வாங்கி, சிலதை உடைத்தும் பார்த்தவன், பில்ட் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

மலிவு இயர்போன் பெரும்பாலும் டிரைவர் போய்ச் சாவதில்லை, வயர் போய்த்தான் சாகும். ஜாக்குக்குப் பக்கத்தில், இல்லையென்றால் வயர் இரண்டாகப் பிரியும் இடத்தில். அதனால் கழற்றும் வயர் எடுத்தது நல்ல முடிவு. மூன்ட்ராப் சூ என்ற மலிவு இயர்போன் 2022-இல் வந்தபோது ஒலிக்காக எல்லோரும் புகழ்ந்தார்கள், ஆனால் அதில் வயர் கழற்ற வராது, வயர் போனால் மொத்தமும் போச்சு. அடுத்து வந்த சூ 2-இல்தான் 0.78 மில்லிமீட்டர் 2-பின் வைத்தார்கள். டாங்சு வானர், 7ஹெர்ட்ஸ் ஜீரோ என்ற இயர்போன்களும் அதே 0.78 தான், மாற்று வயர் சுலபமாகக் கிடைக்கும்.

அடுத்தது இயர்போனின் மூக்கில், அதாவது ரப்பர் மாட்டும் குழாய் முனையில், இருக்கும் வலை. காது அழுக்கு அதில் படிந்தால் ஒரு பக்கம் சத்தம் குறையும், ஆட்கள் டிரைவர் போய்விட்டது என்று தூக்கிப் போடுவார்கள். வலையைத் தரையைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஊசியால் குத்தக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். இயர்போன் ஓட்டில் பொட்டு அளவு ஒரு துளை இருக்கிறதா பாருங்கள், அது காற்றுப் போக வைத்தது. அதில் வியர்வையும் தூசியும் அடைத்தாலும் பேஸ் மாறும்.

அப்புறம் பெட்டியில் 20-40,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போங்கள், நல்ல இளம் காதுக்கே 20,000 வரைதான். 'பத்து டிரைவர்' என்றால் பெரும்பாலும் காதுக்கு ஐந்து. எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் கோட்டுப் படம் இணையத்தில் வரும், அது உதவும், ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் மேடு இருப்பது தப்பே இல்லை, திறந்த காதுக் குழாயே அந்த இடத்தைத் தூக்கித்தான் கொடுக்கிறது, குழாயை அடைத்துவிட்டதால் அதை இயர்போன் ஈடு கட்டுகிறது. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு நிறையப் பேரைக் கேட்கவைத்து வரைந்த இலக்குக் கோட்டிலும் அந்த மேடு உண்டு. 8,000 பக்கம் நிற்கும் ஊசி முனையை மட்டும் நம்பாதீர்கள், பெரும்பாலும் அது அளக்கும் கருவியின் குழாயில் எழும் எதிரொலி, உங்கள் காதில் வேறு இடத்தில் இருக்கும்.

ஒற்றை ஸ்பீக்கர்:

எல்லோரும் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். "குரல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது." பேஸும் இல்லை, குரலுக்கு இடமும் இல்லை, அதுவும் வயரைக் கழற்றி மாட்டிய பிறகு. இது ரப்பர் மாதிரித் தெரியவில்லை.

மாம்பலத்து வெயில், இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் ஒரு காதில் மட்டும் போட்டுக் கேளுங்கள், பிறகு மற்ற காதில் மட்டும். தனித்தனியாக நன்றாக இருந்து இரண்டும் சேரும்போது மட்டும் உள்ளீடற்றுப் போகிறதா? அடுத்து, 1950களில் வந்த ஏதாவது ஒரு சினிமாப் பாட்டைப் போடுங்கள், அப்போதைய பதிவுகள் மோனோ. ஸ்டீரியோ செய்கிறேன் என்று பிற்பாடு யாரும் கை வைக்காத பதிவாக இருக்க வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரே சத்தம் போவதால் குரல் நெற்றிக்கு நேராக நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ரப்பரோ டிரைவரோ ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நடுவிலும் இல்லாமல், பக்கத்திலும் இல்லாமல், புகை மாதிரி பரவினால் ஒரு பக்கத்து பின் தலைகீழாக மாட்டியிருக்கிறது.

தட்டையான 2-பின் இரண்டு விதமாகவும் உள்ளே போகும், எது சரி என்று அது சொல்லாது. திருப்பி மாட்டினால் ஒரு டிரைவர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். ஸ்பீக்கர் என்றால் அறைக்குள்ளேயே பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். இயர்போனில் காதுக்குக் காது ஒலி கலப்பதில்லை, ஆனால் மூளைக்கு அதை ஒன்றாகச் சேர்க்கத் தெரியாமல் அந்தக் கனம் போய்விடுகிறது. L, R சரியாக இருந்தும் இப்படி ஆகும். எனக்குச் சந்தேகம் அந்தக் கொக்கி மேல்தான்.

மாம்பலத்து வெயில்:

ரயிலில் வந்ததும் வராததுமாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு காதில் மட்டும் போட்டால் தொப்பி இருக்கிறது! இரண்டையும் போட்டால் காணோம். மோனோ பாட்டில் குரல் எங்கே நிற்கிறது என்று விரலால் காட்டவே முடியவில்லை, என் கணவரிடம் கொடுத்தேன், அவர் "பின்னந்தலையில் யாரோ பாடுகிற மாதிரி இருக்கு" என்றார்.

வலது பக்கத்தை உருவிப் பார்த்தால் கொக்கி வெளிப்பக்கம் பார்த்து வளைந்திருக்கிறது. நான்தான் திருப்பி மாட்டிவிட்டு, நாலு நாளாக அதை முறுக்கி முறுக்கிக் காதில் போட்டுக்கொண்டு பில்ட் மோசம் என்று திட்டியிருக்கிறேன். பின்னை அரை வட்டம் திருப்பி மாட்டினேன், குரல் டக்கென்று நடுவில் வந்து உட்கார்ந்தது, கும்கி வயிற்றில் தட்டுகிறது. அகலமான மேடை மட்டும் போய்விட்டது, அது மேடையே இல்லை போலிருக்கிறது.

ரப்பர் மொக்கை சொன்னதும் பாதி உண்மைதான், விரலால் அழுத்தினால் வலது பக்கம் இன்னும் கொஞ்சம் கனக்கிறது. அங்கே பெரியதைப் போட்டுவிட்டேன். திருப்பி அனுப்பவில்லை. இப்போது கொஞ்சம் உறுத்துவது ஒன்றுதான், தம்புரா நடுவில் மேல் ஸ்தாயியில் பாடகி 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் சுருக் சுருக்கென்று குத்துகிறது. அதுவும் நான் செய்ததா?

ரப்பர் மொக்கை:

கும்கிக்குப் பாதி மதிப்பெண்ணாவது கிடைத்ததே, போதும்.

கோடும் காதும்:

அது நீங்கள் செய்ததில்லை. 6,000-லிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் தூக்கலாக வைத்திருப்பார்கள், முதல் கேட்பில் 'தெளிவு' என்று தோன்ற வேண்டும் என்று இந்த விலையில் நிறையப் பேர் செய்வதுதான். போனில் ஈக்வலைசர் (ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால் அங்கே 2, 3 டெசிபல் குறையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கும்போது வால்யூமைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் சத்தம் கூடினாலே நல்லது என்று காது ஏமாறும். துளை அகலமாக இருக்கும் ரப்பரும் போட்டுப் பாருங்கள், சில காதுகளில் அந்தக் குத்தல் இடம் மாறும்.

ஒற்றை ஸ்பீக்கர்:

இன்னொரு தடவை கழற்றினால் மறுபடி இதே கதை நடக்கும். இப்போது சரியாக மாட்டியிருக்கும் நிலையிலேயே, ஓட்டிலும் பின் பிளாஸ்டிக்கிலும் ஒரே பக்கமாக நகப்பூச்சில் ஒவ்வொரு பொட்டு வைத்துவிடுங்கள், பொட்டோடு பொட்டு சேர்ந்தால் சரி. துளைக்குள் மட்டும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாம்பலத்து வெயில்:

வைத்தாச்சு. வீட்டில் இருந்தது ரோஸ் நிறம்தான்.