மறு: ‘பிரிடேட்டரி பிரைசிங்’ – கொல்விலையா, வேரறுப்பு விலையா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தமிழ்வழியில் வணிகவியல் படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்காகச் சந்தையியல் குறிப்புகளைத் தொகுத்துவரும் பாளையங்கோட்டை நண்பர், ‘பிரிடேட்டரி பிரைசிங்’ (போட்டியாளரை ஒழிப்பதற்காகவே நட்டத்துக்கு விற்பது) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். கொள்ளை விலை, அடிமாட்டு விலை, வேட்டை விலை, கொல்விலை என நான்கு சொற்கள் இதுவரை வந்துள்ளன. அவற்றை எடைபோடுவதற்கு முன், எந்தச் செயலுக்குப் பெயர் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இதுவரை வந்த கடிதங்களில் பல, விலையைக் குறைப்பதையே குற்றமாகக் கொண்டு பேசுகின்றன.

விலையைக் குறைத்து விற்பது வணிகத்தில் அன்றாடம் நடப்பது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் புதிதாக அல்வாக் கடை போடுகிறவர், வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டு, நெய் கசியும் சூடான அல்வாவில் ஒரு விள்ளலைத் தாளில் வைத்துத் தருவார். முதல் சில வாரங்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு குறைவு என்று பலகையும் வைப்பார். ஏற்கெனவே பெயர் பெற்ற கடைகள் நிறைந்த ஊரில், வாடிக்கையாளர் தம் கடைப் படியேற வேறு வழி அவருக்கு இல்லை. இது நுழைவு விலை. ஆடி மாதத்தில் ஜவுளிக் கடைகள் தரும் தள்ளுபடி, தேங்கிய சரக்கைக் காசாக்கும் வழி. இரண்டிலும் கடைக்காரரின் கண் வாடிக்கையாளர் மீதே இருக்கிறது. நாம் பெயர் தேடும் செயலிலோ கண் முழுவதும் போட்டியாளர் மீது இருக்கிறது. அடக்கவிலைக்கும் கீழே விற்று, அந்த நட்டத்தைத் தெரிந்தே தாங்கிக்கொண்டு, எதிர்க்கடைக்காரர் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறியபின் விலையை உயர்த்தி, விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிப்பதுதான் அதன் நோக்கம்.

மாணவர்களுக்கு இதற்கு எடுத்துக்காட்டு தேடி வெளிநாட்டுப் பாடநூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் துறைமுகத்திலேயே இது நடந்திருக்கிறது. வ.உ.சிதம்பரனார் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, அந்த வழித்தடத்தைத் தன் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது என்றும், சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது என்றும், அதன்பின் வெள்ளையர் கம்பெனி பயணமும் இலவசம், குடையும் இலவசம் என்று அறிவித்தது என்றும் வ.உ.சி. வரலாறுகள் கூறுகின்றன. இலவசமாக ஆளை ஏற்றிக் குடையையும் கொடுத்து அனுப்பும் கம்பெனி, வாடிக்கையாளரைப் பிடிக்க அப்படிச் செய்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பல வழித்தடங்களில் வருமானம் உள்ள கம்பெனியால் ஒரு வழித்தடத்தின் நட்டத்தைப் பொறுக்க முடியும். பங்குப் பணத்தைத் திரட்டி ஒரே வழித்தடத்தை நம்பி இறங்கிய கம்பெனியால் முடியாது. ஆனால் இந்த எடுத்துக்காட்டில் ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மக்கள் இலவசக் கப்பலை விட்டுவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள் என்றும் அந்த வரலாறுகள் கூறுகின்றன. சுதேசிக் கம்பெனி முடங்கியதற்கு, 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டதும் அரசின் அடக்குமுறையும் பெருங்காரணங்கள். ஆகவே விலை வைத்து ஒழிக்கும் முயற்சிக்கு இது சான்று; அந்த முயற்சி பலித்ததற்கு அன்று. இந்த வேறுபாடு சொல்லைத் தேர்வதிலும் தேவைப்படும்.

‘அடக்கவிலைக்குக் கீழே’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேலப்பாளையத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மின்சாரம், மூடி, லோடு ஆட்டோவின் டீசல், கேனை மாடிக்குத் தூக்கிக் கொடுக்கும் பையனுக்குக் கேன் கணக்கில் கூலி ஆகியவை சேர்ந்து கேனுக்கு 18 ரூபாய் என்றும், கட்டட வாடகையும் இயந்திரக் கடனின் தவணையும் கேனுக்கு 7 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்த அடக்கம் 25. ஊரில் விற்பது 30. புதிதாக வருபவர் 22க்குப் போட்டால், அடக்கத்துக்குக் குறைவுதான் என்றாலும் ஒவ்வொரு கேனும் வாடகைக்கு 4 ரூபாய் மிச்சம் தருகிறது. சரக்கைப் போடாமல் சும்மா இருப்பதைவிட அது மேல். அவரே 15க்குப் போட்டால், விற்கும் ஒவ்வொரு கேனுக்கும் 3 ரூபாய் கையை விட்டுப் போகிறது. விற்க விற்க நட்டம் ஏறுகிறது. வேறு நோக்கம் இல்லாமல் அதை யாரும் நாள்கணக்கில் செய்யமாட்டார்கள். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர்கள் அரீடாவும் டர்னரும் 1975இல் முன்வைத்த அளவுகோல், சராசரி மாறும் செலவுக்குக் (விற்கும் அளவோடு ஏறி இறங்கும் செலவு, ஒரு சரக்குக்கு எவ்வளவு என்ற கணக்கு) கீழே விலை போகிறதா என்று பார்ப்பது; இங்கே அது இந்தப் பதினெட்டு ரூபாய்க் கோடு. ஐரோப்பிய நீதிமன்றம் 1991இல் ஆக்சோ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் வழக்கில் இன்னொரு படி போய், பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட விலையும் போட்டியாளரை ஒழிக்கும் திட்டத்தின் பகுதியாக இருந்தால் தவறே என்றது. 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விட்ட பணத்தைப் பிறகு திரும்ப எடுக்கும் வாய்ப்பு இருக்கிறதா என்பதையும் காட்ட வேண்டும் என்றது. லோடு ஆட்டோ வாங்க முடிந்த எவரும் நுழையக்கூடிய கேன் வியாபாரத்தில், எல்லாரையும் விரட்டிவிட்டு 40 ரூபாய்க்கு ஏற்றினால் அடுத்த மாதமே வேறொருவர் வந்து நிற்பார்; விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், 4ஆம் பிரிவில் இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது: விலை செலவுக்குக் கீழே இருக்க வேண்டும், போட்டியைக் குறைக்கும் அல்லது போட்டியாளரை ஒழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். செய்பவர் சந்தையில் ஆதிக்க நிலையில் இருந்தால்தான் அந்தப் பிரிவு பாயும். ஜியோ 2016 செப்டம்பரில் இலவசமாக அழைப்பும் டேட்டாவும் கொடுத்தபோது ஏர்டெல் புகார் செய்தது; ஜியோவுக்கு ஆதிக்க நிலை இல்லை என்று போட்டி ஆணையம் 2017இல் அதைத் தள்ளிவிட்டது. அன்றைய செய்திகளில் இதே ஆங்கிலச் சொல் தாராளமாகப் புழங்கியது. சட்டத்தின் பார்வையில் அது அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. நுழைவு விலைக்குத் தனிப் பெயர் இருந்தால்தான் மாணவர் இந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்வார்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘கொள்ளை விலை’யை முதலிலேயே ஒதுக்கலாம். தமிழில் அது அநியாயமாக உயர்ந்த விலை. மழைக்காலத்தில் தக்காளி விற்பது கொள்ளை விலை. இங்கே விலை தாழ்ந்து கிடக்கிறது. ‘அடிமாட்டு விலை’யில் விலை தாழ்வு சரிதான், ஆனால் அதில் அடிபடுபவர் விற்பவர். கடன் நெருக்கியதால் நிலத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவரை நாம் பரிதாபமாகப் பார்க்கிறோம். நாம் பேசும் ஆள் பரிதாபத்துக்குரியவர் அல்லர். ‘பிரிடேட்டர்’ என்றால் இரையைக் கொன்று தின்னும் விலங்கு; ‘வேட்டை விலை’ மூலச் சொல்லின் அந்த விலங்கு உருவகத்தைக் காப்பாற்றுகிறது. ஆயினும் ‘தள்ளுபடி வேட்டை’ என்று விளம்பரங்கள் பழக்கிவிட்ட பிறகு, வேட்டையாடுபவர் வாடிக்கையாளர் என்றுதான் மாணவருக்குத் தோன்றும்.

தென்காசி நண்பர் தந்த ‘கொல்விலை’ நான்கில் அழகானது. கொல்களிறு, கொல்புலி போல வினைத்தொகையாக நிற்கிறது. புலி என்றவுடன் மூலத்தின் பொருளும் வந்துவிடுகிறது. இருந்தும் அதற்கு இரண்டு தடைகள் உண்டு. ‘விலை ஆளைக் கொல்லுது’ என்று நாம் சொல்வது விலை ஏறும்போது. அதைவிடப் பெரிய தடை ஒலி. கொள்முதல் விலையைக் ‘கொள்விலை’ என்று சுருக்கி எழுதும் பழக்கம் இருக்கையில், வகுப்பில் காதால் கேட்டுக் குறிப்பெடுக்கும் மாணவர் லகரத்துக்கும் ளகரத்துக்கும் நடுவே தடுமாறினால் கணக்கே தலைகீழாகும்.

நம் பக்கத்துக் கடைக்காரர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ‘ரேட்டை உடைக்கான்’ என்பது வெறும் விலைக்குறைப்பு. கோபம் அவ்வளவாக இல்லை. ‘நட்டத்துக்கு விக்கான், நம்மளக் கடையச் சாத்த வைக்கப் பாக்கான்’ என்பதுதான் நாம் தேடும் பொருள். செலவுக்குக் கீழான விலை, ஒழிக்கும் நோக்கம் என்று சட்டம் சொல்லும் இரண்டும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. இதிலிருந்து ‘சாத்துவிலை’ என்று செய்து பார்த்தேன். வணிகர் கூட்டத்துக்கே ‘சாத்து’ என்று பழைய பெயர் இருப்பதால் படிப்பவர் வேறெங்கோ போய்விடுவார், விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு ‘வேரறுப்பு விலை’. நோக்கம் அதில் வெளிப்படையாக இருக்கிறது. யாருடைய வேர் என்ற கேள்வி எழுந்தவுடன் போட்டியாளர் நினைவுக்கு வருகிறார். அறுப்பு என்பது செயலைச் சொல்வதால், முயற்சி பலிக்காத தூத்துக்குடிக் கப்பல் கதைக்கும் அது பொருந்தும். ‘ஊழலை வேரறுப்போம்’ என்ற மேடை வாசம் அதில் அடிக்கிறது என்று யாரேனும் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் சட்டமே குற்றமாகக் கருதும் ஒரு செயலுக்குச் சாதுவான பெயர் வைப்பதைவிட அது பரவாயில்லை. வினையாக ‘வேரறுப்பு விலையிடுதல்’ என்று வரும். குற்றம் சாட்டும்போது ‘வேரறுப்பு விலை வைத்தார்’ என்று இயல்பாக எழுதலாம்.

குறிப்பில் விளக்கத்தை இப்படித் தரலாம்: “சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம், போட்டியாளரை ஒழிக்கும் அல்லது போட்டியைக் குறைக்கும் நோக்குடன், செலவுக்கும் குறைவாக வைக்கும் விலை.” அருகிலேயே நுழைவு விலையையும் விலைப்போரையும் (போட்டியாளர்கள் மாறிமாறி விலையைக் குறைப்பது) வைக்க வேண்டும். ‘லாஸ் லீடர்’ மட்டும் இன்னும் தீரவில்லை. அரிசியை நட்டத்துக்கு விற்று, அதை வாங்க வருபவரிடம் சோப்பையும் பிஸ்கட்டையும் லாபத்தில் விற்கும் பல்பொருள் அங்காடியின் உத்தி அது. ‘ஈர்ப்பு விலை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே இழுப்பது அரிசி என்ற பொருளே ஆகையால் ‘இழுப்புச் சரக்கு’ பொருந்துமா என்று மளிகை வியாபாரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
நெல்லையிலிருந்து ஒரு குழும உறுப்பினர்