எச்.பி.ஐ. நாயகி ஓத்ரே ஃப்ளெரோ: அடுத்து எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி (சுருள்படம்):
எச்.பி.ஐ. என்ற பிரெஞ்சு துப்பறியும் தொடரில் மோர்கான் அல்வாரோவாக வரும் ஓத்ரே ஃப்ளெரோவின் மற்ற தொடர்களை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். தேடினால் ஒரே தொடர் இரண்டு பெயரில் வருகிறது. எதில் முழு வேடம், எதில் தலைகாட்டல் என்று பிரிக்க முடியவில்லை. பிரெஞ்சு தெரியாது, ஆங்கில சப்டைட்டில் இருந்தால் போதும். 'தோழா'வின் மூலப் படத்தில் இவர் இருக்கிறார் என்கிறார்களே, யாராக வருகிறார்?

பதில் 1 (நீதிமன்ற வாசல்):
'ஆங்ரநாஜ்' தொடரில் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்பைரல்' என்று தேட வேண்டும். கனால் பிளஸ் சேனலில் 2005 முதல் 2020 வரை வந்தது. 8 சீசன், 86 எபிசோட். எட்டு சீசனிலும் வக்கீல் ஜோசஃபின் கார்ல்ஸன் இவர்தான். முதலில் பணமும் பெயரும் மட்டுமே குறியாக இருக்கும் வக்கீல். பதினைந்து வருடத்தில் அந்தப் பெண் மாறுவதை ஒரே நடிகை நடித்துக் காட்டும் வாய்ப்பு சினிமாவில் கிடைக்காது. எச்.பி.ஐ.யில் கையும் காலும் வாயும் ஓயாத அதே ஆள், இதில் கழுத்தைக்கூடத் திருப்பாமல் எதிராளியை மடக்குவார்.

நடுவில் சீசனைத் தாண்டாதீர்கள். கொலை வழக்கு சீசனுக்குச் சீசன் மாறும், கார்ல்ஸனின் கணக்குகள் மாறாமல் அடுத்ததற்கு வரும். சீசன்களின் தொடக்கத்தில் வரும் பிணக் காட்சிகள் கொடூரமாக இருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.

நம்மவர்கள் குழம்புவது பிரெஞ்சு நடைமுறையில்தான். அங்கே பெரிய வழக்குகளில் விசாரணையை நடத்துவதே ஒரு நீதிபதி (தொடரில் ரொபான்). போலீஸ் அவர் சொல்படி வேலை செய்யும். காவலில் வைப்பது முதலில் 24 மணி நேரம், சாதாரண வழக்கில் இன்னொரு 24 நீட்டிக்கலாம். 2011 சட்டத் திருத்தத்துக்கு முன் வக்கீல் கட்சிக்காரரை அரை மணி நேரம் தனியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். போலீஸ் கேள்வி கேட்கும்போது கூட உட்கார முடியாது. ஆரம்ப சீசன்களில் கார்ல்ஸன் அந்த முப்பது நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அவசரப்படுவது இதனால்தான். இது தெரிந்தால் காட்சிக்கே எடை கூடிவிடும்.

பதில் 2 (ஜுரா மலை):
எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. நடிப்புக்காகப் பார்ப்பதென்றால் 'அன் விலாஜ் ஃபிரான்ஸே'தான் முதலில். ஆங்கிலத்தில் 'எ ஃபிரெஞ்ச் வில்லேஜ்'. ஃபிரான்ஸ் 3 சேனல், 2009 முதல் 2017, 7 சீசன், 72 எபிசோட். 1940 ஜூனில் ஜெர்மன் படை ஜுரா பக்கத்தில் வில்நவ் என்ற கற்பனை ஊருக்குள் நுழைவதில் கதை தொடங்கும். இவர் ஒர்தான்ஸ் லார்ஷே: கணவர் டாக்டர், ஆக்கிரமிப்புக் காலத்தில் ஊர் மேயராகிறார், மனைவியோ ஜெர்மன் உளவு அதிகாரி மில்லரிடம் மனதைக் கொடுக்கிறார். இந்தப் பெண்ணை மன்னிக்கவும் முடியாது, வெறுக்கவும் முடியாது. ஆண்டுகளைக் கவனித்தீர்களா? கார்ல்ஸனும் ஒர்தான்ஸும் எட்டு வருடம் ஒரே காலத்தில் ஓடியவர்கள்.

'காமலோட்' (எம்6 சேனல், 2005இல் தொடக்கம்) இப்போதைக்கு வேண்டாம். அதில் ஆர்தர் மன்னனின் ஏரித் தேவதை. அவர் மன்னன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவார், மற்றவர்களுக்கு மன்னன் தனியாகப் பேசுவது போல இருக்கும். ஆரம்ப எபிசோடுகள் மூன்றரை நிமிடம்தான், ஆனால் நகைச்சுவை முழுக்க வசனத்தில் இருக்கிறது. சப்டைட்டிலில் பாதி போய்விடும்.

பதில் 3 (இடைவேளை):
'தோழா' கேள்விக்கு: மூலம் 2011இல் வந்த 'ஆன்தூஷாப்ல்'. ஃப்ளெரோ அதில் செக்ரட்டரி மகாலி. 2016 'தோழா'வில் தமன்னா செய்த கீர்த்திக்கு வேர் அதுதான். ஆனால் மகாலி சின்ன வேடம். நாயகன் ஒமார் சீ இவரிடம் வழிவதும் இவர் சிரிப்போடு தட்டிவிடுவதும்தான். காதல் பாதை கிடையாது, ஏன் என்பது கடைசியில் தெரியும். தமிழ், தெலுங்கில் அதைக் காதல் கதையாக வளர்த்தார்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு. எச்.பி.ஐ.யில் இவரோடு மல்லுக்கட்டும் போலீஸ் அதிகாரி கராதெக் வேறு யாருமல்ல, 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தில் ஸ்ரீதேவியோடு ஆங்கிலம் படிக்கும் பிரெஞ்சு சமையல்காரராக வந்த மெஹ்தி நெபூ.

எட்டே எபிசோடில் முடிய வேண்டுமானால் இரண்டு தொடர்கள்: 'தி பான்ஃபயர் ஆஃப் டெஸ்டினி' (2019), 'விமன் அட் வார்' (2022). இரண்டும் பிரான்ஸின் டிஎஃப்1 சேனலில் வந்தவை, நெட்ஃபிளிக்ஸ் வழியாக வெளிநாடு போனவை, இயக்குநர் ஒருவரே. முதலாவது 1897 மே 4இல் பாரிஸில் நடந்த உண்மையான தீ விபத்து. தர்மக் கண்காட்சிக்கு மரத்தில் கூடாரம் கட்டி, மேலே துணி விரித்திருந்தார்கள். சினிமா காட்டும் கருவியின் விளக்கு ஈதரில் எரிவது; ஈதர் தீர்ந்து மறுபடி நிரப்பும்போது பக்கத்தில் தீக்குச்சி கிழிக்க, ஆவி பற்றிக்கொண்டது. 120 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஃப்ளெரோவின் அத்ரியென் அந்தத் தீயைப் பயன்படுத்தி, செத்தவளாகக் கணக்கில் போய், கணவனிடமிருந்து தப்புகிறாள். இரண்டாவது 1914 போர்க்களப் பின்னணி. அதில் பாலியல் தொழில் செய்யும் மார்கரித்.

ஆடியோவை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். ஆங்கில டப்பிங் தானாக ஓடலாம். அதில் இவருடைய குரலே போய்விடும், பாதி நடிப்பு அந்தக் குரலில்தான். மெனுவில் ஒரிஜினல் பிரெஞ்சு, பிறகு ஆங்கில சப்டைட்டில்.

சுருள்படம்:
நன்றி. எச்.பி.ஐ.யின் அமெரிக்க வடிவம் என்று 'ஹை பொட்டென்ஷியல்' காட்டுகிறதே, அதில் இவர் உண்டா?

நீதிமன்ற வாசல்:
இல்லை. அது 2024இல் ஏபிசி எடுத்த ரீமேக், நாயகி கெய்ட்லின் ஆல்ஸன். உங்களுடையது 2021 ஏப்ரலில் டிஎஃப்1இல் தொடங்கியது, கதை லீல் நகரத்தில் நடக்கும்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' உண்டு: 'த்யு', 'வூ'. ஆங்கில சப்டைட்டில் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். காதை அதில் வைத்திருங்கள். யார் யாரிடம் எந்த எபிசோடில் 'வூ'விலிருந்து 'த்யு'வுக்கு இறங்குகிறார்கள் என்பதை, பிரெஞ்சு தெரியாமலே பிடித்துவிடலாம்.