மறு: டிஸ்பர்ஸ்ட் கேம்பிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

நாம் மொழிபெயர்க்கும் பயண வழிகாட்டியில் வரும் 'டிஸ்பர்ஸ்ட் கேம்பிங்', அதாவது வசதி எதுவும் இல்லாத பொதுநிலத்தில் கூடாரம் அடித்துத் தங்குவது, அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் நீங்கள் சொன்னவற்றுக்கு என் பதில் இது.

> 'சிதறல் முகாம்' என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

நேராகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் படிப்பவருக்குப் பொருள் வேறாகப் போய்ச் சேரும். முகாம் என்றாலே நமக்கு மருத்துவ முகாம், அகதிகள் முகாம், ஊரோரம் முகாமிட்ட யானைக்கூட்டம். அதன் முன்னால் 'சிதறல்' வந்து நின்றால், எங்கிருந்தோ விரட்டப்பட்டவர்கள் ஒதுங்கிய இடம் போல் ஒலிக்கிறது. விடுமுறைக்குக் கூடாரத்தைக் காரில் போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறவருக்கு அந்தச் சொல் வேண்டாம்.

எந்த வழிகாட்டிக்காக இந்தச் சொல்லைத் தேடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அது சான் ஹுவான் ஸ்கைவே பயணத்துக்கானது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கில் டுராங்கோவில் கிளம்பி சில்வர்டன், யூரே, ரிட்ஜ்வே, டொலோரஸ், கார்ட்டெஸ் என்று சுற்றி டுராங்கோவுக்கே திரும்பும் 236 மைல் மலைச்சாலை. ரெட் மவுண்டன் கணவாயில் 11,018 அடி உயரம் ஏறும். அங்கிருந்து யூரேக்கு இறங்கும்போது பல வளைவுகளில் சாலையோரத் தடுப்பே கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்குதான். கோடையில் அந்தச் சிற்றூர்களில் அறை வாடகை கையைக் கடிக்கும். அமெரிக்க வனத்துறையின் கட்டண முகாம்களிலும் இரவுக்கு 20, 30 டாலர் ஆகும். காசை எண்ணிச் செலவழிக்கிறவருக்கு மிச்சமிருக்கும் வழி, தேசிய வனநிலத்தில் அனுமதியுள்ள மண்பாதைகளின் ஓரத்தில் கூடாரம் அடிப்பது. அதற்குக் கட்டணம் இல்லை. பொதுவாக ஓரிடத்தில் 14 நாள் வரை தங்கலாம். இதைத்தான் டிஸ்பர்ஸ்ட் கேம்பிங் என்கிறார்கள்.

இலவசம் என்பதைவிட, அங்கே என்னென்ன இல்லை என்பதுதான் முக்கியம். கழிப்பறை, குழாய்த் தண்ணீர், மேசை, குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. குடிநீரை ஊரிலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். மலம் கழிக்க, ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளிப்போய் ஆறு முதல் எட்டு அங்குலம் ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். குப்பையைக் கட்டி வண்டியிலேயே திரும்ப எடுத்துவர வேண்டும். கரடி உள்ள காடு என்பதால் வாசனை வரும் பற்பசையைக்கூடக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. முதல்முறை போகிறவருக்குச் சொல்லைப் பார்த்ததுமே இதில் பாதியாவது உறைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சட்டமும் இதில் இருக்கிறது. கோடையில் காடு காய்ந்தால் வனத்துறை தீக்கட்டுப்பாடு போடும். முதல் நிலையிலேயே, கட்டிவைத்த முகாம்களில் பதித்திருக்கும் இரும்பு வளையத்துக்குள் மட்டும்தான் விறகு எரிக்கலாம். அதே காட்டில், ஒரு மைல் தள்ளி, முன்பு தங்கியவர்கள் அடுக்கிவைத்த கல்லுக்குள் எரித்தால் அபராதம். குமிழைத் திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்புக்குத் தடையில்லை. ஆக, இரண்டு வகைத் தங்கலையும் 'முகாம்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால், நம் மொழிபெயர்ப்பை நம்பிப் போனவர்தான் மாட்டிக்கொள்வார்.

> 'காட்டுத் தங்கல்' எளிமையாக இருக்கிறதே?

காதுக்கு எனக்கும் பிடித்திருக்கிறது, அக்கா. ஆனால் இரண்டு தடைகள். ஒன்று, இந்த ஏற்பாடு காட்டில் மட்டும் இல்லை. அமெரிக்க அரசின் பொதுநிலங்களைப் பார்த்துக்கொள்ளும் நில மேலாண்மைப் பணியகத்தின் புதர்வெளியிலும் பாலைநிலத்திலும் இதே முறைதான். இன்னொன்று, நம் ஊரில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் இரவு தங்குவது குற்றம். தமிழ்நாட்டு வாசகர் 'காட்டுத் தங்கல்' என்று படித்தால், திருட்டுத்தனமாகச் செய்வது என்று நினைக்கலாம். அதைவிட மோசம், இங்கேயும் செய்யலாம் என்று நினைக்கலாம்.

'பரவல் தங்கல்' பற்றி நிறைய யோசித்தேன். அதிகாரப் பரவல் என்று ஏற்கெனவே புழங்குகிறோம், அதனால் சொல் புதிதல்ல. எல்லோரையும் ஒரே இடத்தில் குவிக்காமல் ஆங்காங்கே தங்கவைப்பது என்ற கருத்தும் அதில் சரியாக விழுகிறது. ஆனால் அது வனத்துறை அதிகாரி மேலிருந்து பார்க்கும் பார்வை. கூடாரம் அடிக்கிறவர் பரவுவதில்லை, ஓரிடத்தில்தான் படுக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது காலடியில் என்ன இருக்கிறது என்பது.

அதனால் என் பரிந்துரை: வெறுநிலத் தங்கல்.

வெறுந்தரை, வெறுங்கை, வெறும்வயிறு எல்லாம் வாயில் புழங்கும் சொற்கள்; விளக்கம் தேவையில்லை. எந்த வசதியும் இல்லாத நிலம் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. காடானாலும் பாலையானாலும் பொருந்துகிறது. 'வெறுநிலத்தில் தங்கினோம்' என்று வினையாகவும் எழுதலாம். பயணக் கட்டுரை எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி.

கூடவே எதிர்ச்சொல்லும் வேண்டும். கட்டணம் வாங்கி, எண் போட்டு, கழிப்பறை கட்டிவைத்திருக்கும் இடத்துக்குத் தங்குகளம் என்று வைக்கலாம். நெற்களம் போல, ஒரு வேலைக்கென்றே ஒழுங்குசெய்த இடம் என்ற பொருள் அதில் கிடைக்கும். 'தங்குகளத்தில் தீ மூட்டலாம், வெறுநிலத் தங்கலில் கூடாது' என்று அறிவிப்பை மொழிபெயர்த்துப் பாருங்கள், குழப்பமே வராது. கூட்டம் மிகுந்த சில பள்ளத்தாக்குகளில் வனத்துறை கம்பம் நட்டு, அந்த இடங்களில் மட்டும் தங்கச் சொல்கிறது. வசதி ஏதும் செய்து தருவதில்லை. அதற்கு 'குறித்த வெறுநிலத் தங்கல்' போதும் என நினைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். இதைவிடச் சுருக்கமாக யாராவது சொன்னால் ஏற்கத் தயார்.

சான் ஹுவான் ஸ்கைவே போல, அழகுக்காகவே பெயர்பெற்ற சாலையைக் குறிக்கும் சீனிக் பைவேக்கு 'எழில்வழி' என்று முடிவானதில் எனக்கு மறுப்பில்லை. பைவே என்பதை 'கிளைச்சாலை' என்று எழுத வேண்டாம் என்றது சரி. சான் ஹுவான் ஸ்கைவேயில் பாதிக்குமேல் தேசிய நெடுஞ்சாலை எண் கொண்ட சாலைகள்தான்.

அப்புறம், கற்களை வட்டமாக அடுக்கித் தீ மூட்டும் இடத்துக்கு நம் சொற்பட்டியலில் 'கல்வட்டம்' என்று போட்டிருக்கிறோம். தொல்லியலில் பெருங்கற்கால ஈமச்சின்னத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, அதை எடுக்க முடியாது. 'தீவட்டம்' என்று மாற்றலாமா?

அன்புடன்