மறு: இடிமழையைத் தடுத்து வைக்கும் வெப்ப அடுக்குக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

மேலெழும் காற்றை மறித்து இடிமழையைத் தடுக்கும் சூடான காற்றடுக்கான ‘கேப்பிங் இன்வர்ஷன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை வந்தவை நான்கு: வெப்பநிலைத் தலைகீழ்மாற்றம், மூடடுக்கு, வெப்ப மூடி, தடைப்படை. நான் ஐந்தாவதாகத் ‘தடையடுக்கு’ என்பதை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சொல் இல்லாததால் நம் கோடைகால வானிலைச் செய்திகளில் விளக்கம் பாதியில் நின்றுவிடுகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மார்ச் முதல் மே வரை சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு இரண்டு செய்திகள் மனப்பாடம் ஆகியிருக்கும். ஒன்று, வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யும் என்பது. இன்னொன்று, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அதிகமாக இருக்கும்போது அசௌகரியம் ஏற்படலாம் என்பது. இரண்டும் சரிதான். ஆனால் மே மாதத்தில் வெப்பச்சலனம் அநேகமாக எல்லா நாளும் நடக்கிறது. ஈரோட்டிலும் கரூரிலும் திருத்தணியிலும் நண்பகலில் தரை காய்ந்து, அதை ஒட்டிய காற்று சூடேறி மேலே போகத்தான் செய்கிறது. அப்படியானால் நேற்று வெளுத்து வாங்கிய மழை இன்று ஏன் எட்டிப் பார்க்கவில்லை? மேலே போகிற காற்றை மறிக்கிற ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் இல்லை, அதனால் அது செய்தியில் வருவதே இல்லை. மழை பொய்த்த அன்று ‘வானிலைக்காரர்கள் சொன்னது பலிக்கவில்லை’ என்று சொல்லிவிட்டு நாமும் போய்விடுகிறோம்.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடலாம். சென்னை மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் காலை 5.30 மணி அளவீட்டுக்காக ஒரு பலூன் மேலே போகிறது. அது அனுப்பும் தகவலை வரைபடமாகப் போடுவார்கள். அதில் இரண்டு கோடுகள்: ஒன்று வெப்பநிலை, மற்றது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. கோடை நாள் ஒன்றின் வரைபடத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தால், தரையை ஒட்டி இரண்டு கோடும் நெருக்கமாக இருக்கும். அது வங்கக் கடலிலிருந்து வந்த ஈரக்காற்று. ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் வந்ததும் வெப்பநிலைக் கோடு இடப்பக்கம் சாய்வதை நிறுத்திவிட்டுச் சட்டென்று வலப்பக்கம் திரும்பும். அதே இடத்தில் பனிநிலைக் கோடு இடப்பக்கம் விலகி ஓடும். அதாவது மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, அங்கே சூடாகவும் வறண்டும் இருக்கிறது. தக்காணப் பீடபூமியில், ராயலசீமைப் பக்கம் காய்ந்த காற்று, நம் கடலோர ஈரக்காற்றின் தலைமேல் வந்து பரவியிருக்கிறது.

தரையிலிருந்து கிளம்பும் காற்று, ஈரம் குளிர்ந்து மேகமாகும்வரை, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 9.8 டிகிரி குளிர்ந்துகொண்டே ஏறுகிறது. இந்த அடுக்கை அடையும்போது சுற்றியிருப்பதைவிட அது குளிர்ந்துபோயிருக்கும், அதனால் கனத்துக் கீழே இறங்கிவிடும். ஏற முடியாத ஈரமும் வெப்பமும் கீழேயே சேர்ந்துகொண்டு போகும். ‘காற்றே இல்லை, ஒரே இறுக்கமா இருக்கு, சாயங்காலம் மழை வரும்’ என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த இறுக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. மழை வரும் என்று அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அடுக்கு எங்காவது ஒரு புள்ளியில் உடைந்தால், அதுவரை சேர்ந்த ஆற்றல் முழுவதும் அந்த வழியே பாய்கிறது. ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் வருவது அப்படிப்பட்ட நாள்களில்தான். உடையவே இல்லை என்றால் வெயிலும் புழுக்கமும்தான் மிச்சம்.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். போளூர்ப் பக்கம் நின்று மதியம் மேற்கே ஜவ்வாது மலையைக் கவனியுங்கள். சின்னச் சின்னத் திரள்மேகங்கள் கிளம்பும், எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்று தலை தட்டையாகிக் கரைந்துபோகும். மறுபடி கிளம்பும், மறுபடி கரையும். மூன்று மூன்றரை மணிவாக்கில் அவற்றில் ஒன்று மட்டும் கரையாமல் மேலே போய்க்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் முதல் இடி கேட்கும். மலைச்சரிவு காற்றைத் தூக்கிக் கொடுப்பதால் தடை அங்கே முதலில் விட்டுப்போகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நீலகிரி, கொடைக்கானல் பக்கமெல்லாம் கோடை இடி சமவெளியைவிட அடிக்கடி கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடலோரத்தில் அந்தத் தூக்கலைச் சில நாள்களில் கடற்காற்றின் முன்விளிம்பு செய்கிறது.

சரி, இனி சொற்கள்.

> வெப்பநிலைத் தலைகீழ்மாற்றம் என்று ஏற்கனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, அது பொதுச்சொல். மார்கழி விடியலில் தரை குளிர்ந்து, பனிமூட்டத்தையும் போகிப் புகையையும் தரையோடு பிடித்து வைப்பதும் தலைகீழ்மாற்றம்தான். நாம் தேடுவது இடிமழையை மறிக்கும் வகைக்குத் தனிப்பெயர். பொதுச்சொல் அப்படியே இருக்கட்டும். அதன் ஒரு வகையாக இதை வைப்போம்.

> மூடடுக்கு சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வானிலை என்றாலே நமக்கு ‘மூட்டம்’ என்பது மேகமூட்டம். ‘இன்று மூடடுக்கு வலுவாக உள்ளது’ என்று வானொலியில் கேட்பவர் வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கும் என்று நினைத்துக் குடையை எடுப்பார். உண்மையில் அன்று வானம் வெளுத்துக்கிடக்கும், வெயில் கொளுத்தும். பொருளுக்கு நேரெதிரான எண்ணத்தைத் தரும் சொல்லை மக்கள் பாதுகாப்புக்கான அறிக்கையில் வைக்கக் கூடாது.

> வெப்ப மூடி. கொதிக்கிற பானைக்கு மூடி போட்ட மாதிரி. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

அம்மா, உவமை அருமை. பள்ளியில் விளக்கும்போது நானும் அதைத்தான் சொல்வேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2021 ஜூனில் கனடாவின் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி பதிவானபோது ‘ஹீட் டோம்’ என்பதை நம் செய்தித்தாள்கள் ‘வெப்பக் குவிமாடம்’ என்று எழுதின. அது ஒரு பெரும் நிலப்பரப்பின் மேல் நாள்கணக்கில் உட்காரும் உயரழுத்தம். ‘வெப்ப மூடி’ என்று இன்னொன்றையும் விட்டால் இரண்டும் ஒன்றென்று ஆகிவிடும்.

> எங்கள் பக்கம் அடுக்கு என்பதைப் படை என்போம். தடைப்படை?

யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. ஓசோன் படை, படைமண்டலம் என்று இலங்கைப் பாடநூல்களில் அது வேரூன்றிய சொல். நாம் வெப்பச்சலனம் என்பதை அவர்கள் மேற்காவுகை என்கிறார்கள், அதுவும் நல்ல சொல். ஆனால் ‘தடைப்படை’ என்று சேர்த்துச் சொல்லும்போது காதில் முதலில் விழுவது காவல்துறை. ‘அடுக்கு’ இரு கரையிலும் புரியும் என்று நம்புகிறேன். புரியாவிட்டால் சொல்லுங்கள், விட்டுக்கொடுக்கத் தயார்.

‘தடையடுக்கு’ எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம், அதோடு வினைகள் இயல்பாகச் சேர்வதுதான். தடையடுக்கு வலுக்கிறது, தளர்கிறது, உடைகிறது, உடையாமல் நிற்கிறது. வானிலை எழுதுபவருக்கு அன்றாடம் வேண்டியவை இந்த வினைகள்தான். தலைகீழ்மாற்றத்தை வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றைக்கூட நல்ல தமிழில் எழுத முடியாது. அப்புறம், இது தமிழ்நாட்டோடு நின்றுவிடுகிற சொல்லும் இல்லை. சோட்டா நாக்பூர் மேட்டு நிலத்தின் சூடான காற்று வங்கத்து ஈரக்காற்றின் மேல் படர்ந்து, அது உடையும்போது காலபைசாகி என்னும் கோடை இடிப்புயல் வருகிறது. மெக்சிகோ மேட்டு நிலக் காற்று வளைகுடா ஈரத்தின் மேல் படர்ந்து அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ‘டொர்னேடோ’ என்னும் சுழல்காற்றுக்கு வழி செய்கிறது. மூன்று இடத்துச் செய்தியையும் ஒரே சொல்லால் எழுதலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கொளுத்துகிற எல்லா நாளுக்கும் தடையடுக்கைக் காரணம் காட்டிவிடக் கூடாது. மேற்கத்திய வறண்ட காற்று தரைவரை இறங்கிக் கடற்காற்றை உள்ளே விடாத நாள்களில் அடக்கி வைப்பதற்குக் கீழே ஈரமே இருக்காது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானதே, அந்த வகை வெயிலுக்கு இந்தச் சொல் பொருந்தாது. புழுக்கம் இருந்தால்தான் தடையடுக்கைப் பற்றிப் பேச்சு.

பயன்படுத்திப் பார்த்தால்தான் சொல்லின் தரம் தெரியும். ஒரு கற்பனை மே நாளுக்கு மாதிரி அறிக்கை எழுதிப் பார்த்தேன்:

“வட தமிழக உள்மாவட்டங்களில் அடுத்த மூன்று நாள்களுக்கு வெப்பநிலை படிப்படியாக உயரும். கீழே ஈரப்பதம் போதிய அளவு இருந்தாலும் தடையடுக்கு வலுவாக இருப்பதால் முதல் இரண்டு நாள்கள் மழைக்கு வாய்ப்பு குறைவு, புழுக்கம் கூடும். மூன்றாம் நாள் பிற்பகலில் மலைப்பகுதிகளை ஒட்டித் தடையடுக்கு உடையலாம். அவ்வாறு உடையும் இடங்களில் இடி, மின்னல், பலத்த காற்றுடன் குறுகிய நேரத்தில் கனமழை பெய்யக்கூடும்.”

படிக்கிற விவசாயிக்கு முதல் இரண்டு நாள் ஏன் பெய்யாது, மூன்றாம் நாள் ஏன் கவனமாக இருக்க வேண்டும் என்ற இரண்டும் இதில் கிடைக்கின்றன. அறுத்த எள்ளைக் களத்தில் காயப்போடுவதா, தார்ப்பாய் போட்டு மூடுவதா என்று அவர் தானே முடிவெடுத்துக்கொள்வார்.

இதோடு ஒட்டிய இரண்டு சொற்கள் பாக்கி இருக்கின்றன. காற்று மேலெழக் கிடைக்கும் ஆற்றலை அளக்கும், ‘கேப்’ (CAPE) என்று சுருக்கி எழுதும் அளவுக்கு ‘எழுச்சியாற்றல்’, அது மேலெழாமல் மறிக்கும் தடையை அளக்கும் ‘சின்’ (CIN) என்னும் அளவுக்கு ‘எழுச்சித்தடை’. இரண்டும் கிலோகிராமுக்கு இத்தனை ஜூல் என்று சொல்லப்படுபவை. ‘எழுதடை’ என்று இன்னும் சுருக்கலாம் என்று தோன்றியது, ஆனால் ‘எழுது’ என்று பிரித்துப் படிக்க இடம் கொடுக்கும் என்பதால் விட்டுவிட்டேன். இவற்றுக்கு மேலான சொல் யாரிடமாவது இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். மாதிரி வாக்கியம் ஒன்றும் சேர்த்து எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
திருவண்ணாமலையிலிருந்து