புதுப்பிப்பு: காந்தி ரோடு மளிகைக் கடையும் அந்த 'இல்ல' நோட்டும்

போன மாசம் இங்க கேட்டிருந்தேனே, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் நம்ம சின்ன மளிகைக் கடை, லாட்ஜ்ல தங்கி வைத்தியம் பாக்குற வங்காளக்காரங்க எட்டிப் பாத்துட்டு போயிடறாங்க, இன்னா பண்றதுன்னு. பெங்காலில போர்டு வைன்னு பாதி பேர் சொன்னீங்க. வெச்சேன். போர்டை போட்டோ எடுத்துட்டு போனாங்க, அவ்ளோதான்.

ஒரு அண்ணன் சொன்ன ஐடியாதான் வேலை செஞ்சுது. கல்லா பக்கத்துல ஒரு நாப்பது பக்க நோட்டு, எத கேட்டு நாம "இல்ல"ன்னு சொல்றோமோ அத மட்டும் எழுதணும். ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா பக்கம் பூரா கடுகெண்ணெய் கடுகெண்ணெய்னு அதான், ஆனா லிட்டர் பாட்டில் வாங்கி வெச்சும் போகல, அப்புறம்தான் உறைச்சுது பத்து நாள் தங்குறவங்களுக்கு லிட்டர் எதுக்கு, 200 மில்லி வெச்சேன், ஸ்டாக் நிக்கல.

அடுத்து கத்திரிக்கா. 2023ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா ஒரு கூடை வெச்சேன். ஒரு அக்கா, காம்பு முள்ளு குத்தி கைய உதறிட்டு அப்பவும் விடாம அரை கிலோ பொறுக்குனாங்க, வட்டமா அரிஞ்சு மஞ்சள் உப்பு தடவி வறுப்பாங்களாம். மறுநாள் பக்கத்து ரூம்காரங்க மூணு பேர கூட்டினு வந்துட்டாங்க.

போர்டை கழட்டிட்டேன். நோட்டு ரெண்டாவது போட்டாச்சு.