ஆவாரைக்கு வேப்பெண்ணெய் அடித்துவிட்டேன்

வேலியோரம்:
"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பார்கள். நான் கண்டேன். அதுவும் என் கையாலேயே.

விதை போட்டு இது மூன்றாம் வருஷம். கோடை முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை, செடி மஞ்சளாய்ப் பூத்து நின்றது. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்றுதான் வைத்தேன். ஒருநாள் பார்த்தால் கொழுந்தெல்லாம் அரிபட்டிருக்கிறது. சரி, பூச்சி விழுந்துவிட்டது என்று வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தேன். அப்புறம் குனிந்து பார்க்கிறேன், இலையின் நடுநரம்போடு நரம்பாக ஒரு பச்சைப் புழு, பக்கவாட்டில் மெல்லிய வெள்ளைக் கோடு. தொட்டதும் துவண்டு விழுந்தது. அந்தச் செடியையே சுற்றிக்கொண்டிருந்த வெளிர்பச்சை வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு அது. இன்னும் மனசு ஆறவில்லை.

செம்மண்:
வருத்தமாக இருக்கிறது. ஆனால் தேனீக்கு என்று ஆவாரை வைத்தேன் என்கிறீர்களே, அந்தப் பூவில் தேனே கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பைக்குள் அடைபட்டிருக்கும். நுனியில் சின்னத் துளைதான் வழி. கருவண்டு, அதாவது மரத்தில் துளை போடும் பெரிய கறுப்புத் தேனீ, பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் கொட்டும். அப்போது ரீங்காரம் சட்டென்று மாறும், கேட்டுப்பாருங்கள். ஒருமுறை இசைக்கவையை, தட்டினால் அதிருமே அந்த உலோகக் கவையை, தட்டிப் பூவில் வைத்தேன். உள்ளங்கையில் மஞ்சள் பொடி உதிர்ந்தது! பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. அதற்குத் தும்பை வையுங்கள்.

மானாவாரி:
நான் பத்து நாற்றைப் பிடுங்கி நட்டு, ஆணிவேர் அறுந்து பத்தும் பட்டுப்போயின. அதனால் சொல்கிறேன், நேரடியாக மண்ணிலேயே விதையுங்கள். விதைத்தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, உப்பியதை மட்டும் மழைக்கு முன்னால் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கும் இடம் வேண்டாம். உரம் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஒரு காய்ந்த கட்டையைப் போட்டுவையுங்கள், கருவண்டு துளை போட்டு அதில்தான் கூடு கட்டும். தரையைக் கொஞ்சம் வெறுமனே விடுங்கள், மண்ணுக்குள் குடியிருக்கும் தேனீக்களும் உண்டு. மருந்தை மட்டும் தொடாதீர்கள்.

வேலியோரம்:
மானாவாரி அண்ணே, செடி நன்றாகத்தான் இருக்கிறது, வளர்க்கும் வழி நான் கேட்கவில்லை. அதே வண்ணத்துப்பூச்சி திரும்ப வந்து முட்டை வைக்குமா? யாராவது பார்த்திருந்தால் அதைச் சொல்லுங்கள்.

செம்மண்:
வைக்கும். என் செடியை ஒரு தடவை அந்தப் புழுக்கள் மொட்டையாகவே தின்றுவிட்டன. மழைக்குப் பிறகு துளிர்த்த கொழுந்தில் அரிசியைவிடச் சின்னதாக, வெள்ளையாக, நிமிர்ந்து நின்றது ஒரு முட்டை. கொழுந்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.